கல்லுரலுக்குப் பதில் சொன்ன வாள்

மலேசியாவில் லிங்கிக்குப் போகும் சாலையில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தின் ஓரமாக ஒரு சிறு குன்று இருக்கிறது. அதன் உச்சியில், எப்போதோ ஒரு துரைக்காகக் கட்டப்பட்ட மரப் பங்களா நிற்கிறது. தோட்டத்து மக்கள் அதைப் பேய்ப் பங்களா என்பார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், கொளுத்தும் வெயிலில் கருப்புக் கோட்டு அணிந்த ஆண்கள் கார்களில் வந்து இறங்குவார்கள்; ஆளுக்கொரு தட்டையான தோல்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போவார்கள்; சன்னல்கள் சாத்தப்படும். ஒரு கட்டடத்துக்குப் பேய்ப் பெயர் வர இவ்வளவு போதும். உள்ளே பேய் எதுவும் இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். இருந்திருந்தால், சமையலறையில் எங்களுக்குக் கொஞ்சம் ஒத்தாசை கிடைத்திருக்கும்.

அது மேசன்கள் என்ற சகோதரர் சங்கத்தின் கூடம். அவர்கள் அதை லாட்ஜ் என்பார்கள். துரைமார்கள் தொடங்கியது, அவர்கள் கப்பலேறிய பிறகு, அவர்களிடம் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் நடத்துவது. ஒரு டாக்டர், ஒரு ஹார்ட்வேர் கடைக்காரர், கோலா பிலாவிலிருந்து ஒரு வழக்கறிஞர், தோட்டத்துக் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர்கள் சிலர் என்று எல்லா இனத்தாரும் எல்லாக் கோயிலுக்குப் போகிறவர்களும் அதில் உண்டு. கூட்டத்தில் அரசியலும் மதமும் பேசக்கூடாது என்பது விதி. இந்த நாட்டில் அந்த இரண்டையும் விலக்கிவிட்டால் பேசுவதற்கு மிஞ்சுவது சாப்பாடுதான்; ஆகவே கூட்டம் முடிந்ததும் நடக்கும் விருந்துக்கு அங்கே தனி மரியாதை.

பெண்களுக்குக் கூட்ட அறைக்குள் அனுமதி இல்லை. கதவின் உட்புறத்தில் என்ன நடக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் வெளிப்புறத்தில் நடப்பது என்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். அந்த வெளிப்புறத்தின் காவலர் என் கணவர்.

ஒவ்வொரு லாட்ஜுக்கும் ஒரு வாயிற்காவலர் உண்டு. உருவிய வாளுடன் மூடிய கதவுக்கு வெளியே அமர்ந்திருப்பார். சங்கத்தைச் சேராதவர் யாரும் நெருங்காமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. எங்கள் குன்றில் அப்படி நெருங்கியவை என்று பார்த்தால், ஒருமுறை ஓர் உடும்பும், பலமுறை குரங்குகளும்தான். ஆனாலும் என் கணவர் முதுகை நிமிர்த்தி, வாளை மடியில் குறுக்காக வைத்து, பல்லவர் காலத்து வாயிற்சிலை போல உட்கார்ந்திருப்பார்.

அந்த நாற்காலியை அவர் எவ்வளவு விரும்பினார் என்பதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. செம்பனை ஆலையில் கொதிகலன் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வுக்குப் பிறகு சிரம்பானில் எங்கள் வீட்டில் அவர் செய்யும் காரியங்களுக்குக் கணக்கே இல்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் நின்றுபோகும் காரியம் ஒன்றுகூட இல்லை. லாட்ஜில் அப்படியல்ல. வருகிற ஒவ்வொருவரும் அவரைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அவர்தான் அவர்கள் சடங்குக்காக இடுப்பில் கட்டும் வெள்ளைத்தோல் ஏப்ரனின் நாடாவை முதுகுப்புறம் முடிந்துவிடுவார். கையுறையில் கறை இருந்தால் மாற்றச் சொல்வார். யாருடைய மகளுக்குப் பரீட்சை, யாருடைய முழங்காலில் வலி, யார் அண்மையில் தாயை இழந்தார் என்பதெல்லாம் அந்த நாடாவை முடிகிற நேரத்தில் அவருக்குத் தெரிந்துவிடும். வழக்கறிஞரின் இடுப்பு மாதத்துக்கு மாதம் பெருத்து வந்ததும் அவருக்கே முதலில் தெரியும். அதை மட்டும் என்னிடம் சொல்வார்.

காவலருக்கு இன்னொரு கடமையும் உண்டு. கூட்டம் தொடங்கும்போதும் இடையிடையேயும் உள்ளிருந்து கதவு தட்டப்படும். வெளியே எல்லாம் பத்திரம் என்பதற்கு அடையாளமாக, காவலர் வாளின் கைப்பிடியால் அதே மாதிரி திருப்பித் தட்ட வேண்டும். எத்தனை தட்டு, எந்த இடைவெளியில் என்பதை இங்கே எழுதமாட்டேன். நான் சங்கத்தைச் சேர்ந்தவள் இல்லை என்றாலும் எனக்கும் நாணயம் உண்டு.

கொதிகலனோடு கழிந்த ஆண்டுகள் அவருடைய செவியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்தன. முதலில் குயிலின் குரல் போயிற்று. பிறகு தொலைபேசி மணி. பிறகு, நான் அடுத்த அறையிலிருந்து கூப்பிடுவது. காதுக் கருவி ஒன்று வாங்கினோம். அதை மாட்டினால் மின்விசிறிகூட ஆலை மாதிரி இரைகிறது என்று சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார். அங்கிருந்து அது அவ்வப்போது விசிலடிக்கும். அது அவருக்கு மட்டும் கேட்காது.

விருந்துக்கு மேசை போடுவது என் வேலை. சாப்பாட்டு அறையின் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். மேசையருகே நின்றால் நடைக்கு அப்பால் அவர் உட்கார்ந்திருப்பது தெரியும். ஒரு சனிக்கிழமை, உள்ளிருந்து தட்டிய ஓசை எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவர் அசையவில்லை. சன்னல் வழியே செம்பனை ஓலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையில் மடித்துக்கொண்டிருந்த வெள்ளைத் துணி இருந்தது. யோசிக்காமல் அதை உயர்த்தினேன். அவர் கண்ணில் அது பட்டது. உடனே எழுந்து திருப்பித் தட்டினார்.

அடுத்த மாதம் அவர் தம் நாற்காலியைச் சற்றே திருப்பிப் போட்டுக்கொண்டார், மேசை தெரியும்படி. அதற்கு மறுமாதம் நான் துணி மடிப்பதை மிக மெதுவாகச் செய்யப் பழகிக்கொண்டேன். அதன்பின் கூட்டம் தவறாமல் அந்த ஏற்பாடு நடந்து வந்தது. உள்ளே தட்டுவார்கள், நான் துணியை உயர்த்துவேன், அவர் பதில் சொல்வார். எங்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்பதில் எனக்கு ஒரு சிறு பெருமிதம்கூட இருந்தது.

சமையலறையின் தலைவி, ஹார்ட்வேர் கடைக்காரரின் மனைவி. சீனப் பெண். அப்பா தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்ததால், சீனத்துக்கு முன்பே தமிழ் பேசக் கற்றவள். நான் தோட்டப் பள்ளியில் ஆசிரியையாக இருந்ததால் என்னை டீச்சர் என்பாள். என் கணவரை அண்ணே என்பாள். அவளுடைய கணவர்தான் லாட்ஜின் உள்வாயிற்காவலர். அதாவது, கதவின் அந்தப் பக்கம் நின்று தட்டுபவர். ஒரே கதவுக்கு இருபுறமும் எங்கள் வீட்டுக்காரர்கள் காவல் நிற்க, நாங்கள் இருவரும் கோழியை வெட்டிக்கொண்டிருப்போம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செய்தி வந்தது. தலைமைச் சங்கத்திலிருந்து ஒரு பெரியவர் எங்கள் லாட்ஜைப் பார்வையிட வருகிறார். ரயில்வேயில் உயர்ந்த பதவி வகித்து ஓய்வு பெற்ற சீக்கியர். சடங்கில் ஓர் இம்மி பிசகினாலும் விடமாட்டார் என்று பேச்சு. வேறொரு ஊரில் கையுறையை மறந்து வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்பினாராம்.

வாட்ஸ்அப் குழுவில் ஒத்திகை அறிவிப்புகள் குவிந்தன. அப்போது லாட்ஜின் தலைவராக இருந்த டாக்டர் ஒரு மாலை எங்கள் வீட்டுக்கு வந்தார். தேநீர் குடித்தார். வீட்டுத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். முருங்கையைப் பாராட்டினார். ஒரு மருத்துவர் முருங்கையை இவ்வளவு நேரம் பாராட்டினால் ஏதோ கெட்ட செய்தி இருக்கிறது என்று பொருள். கடைசியில், அன்றைக்கு மட்டும் மூத்த உறுப்பினர் என்ற முறையில் உள்ளே, முன்வரிசையில் அமரலாமே என்று என் கணவரிடம் கேட்டார். வாசலுக்கு ஓர் இளைஞரைப் போட்டுக்கொள்ளலாமாம். கௌரவமாக இருக்குமாம்.

டாக்டர் மெதுவாகப் பேசுகிறவர். ஆனாலும் அந்தச் சொற்கள் ஒன்றுவிடாமல் என் கணவருக்குக் கேட்டுவிட்டன.

"என் வாசல நான் பாத்துக்கிறேன் டாக்டர்," என்றார். "அன்னிக்கி ஏதாச்சும் தப்பு நடந்தா, வாள நானே குடுத்துடுறேன். யாரும் கேக்க வேணாம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். என் கணவர் சொன்னால் செய்வார் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். அந்த மாதம் முழுவதும் வாளை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். நானும் மேசைத்துணிகளை முன்பைவிட வெண்மையாக வெளுத்து, கஞ்சி போட்டு வைத்தேன். ஆயுதங்களைத் தயார் செய்வது என்பது இதுதான் போலும்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. பெரியவர் வந்தார், நீலத் தலைப்பாகை, மார்பு வரை வெண்தாடி. என் கணவர் அவருடைய நாடாவை முடிந்தார். பெரியவர் கையைப் பின்னால் கொண்டுபோய் முடிச்சைத் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தார். கதவு மூடியது. நான் மேசையருகே என் இடத்தில் நின்றேன். முதல் தட்டு; துணி; பதில். அடுத்ததும் அப்படியே. மூச்சு சீராக வந்தது.

நான் கணக்கில் எடுக்காதது பெரியவரின் மனைவியை. விருந்தினர் வரும் நாளில் குடும்பத்தாரும் விருந்தில் அமர்வது வழக்கம் என்பதால் அவரும் வந்திருந்தார். அன்பான, உருண்டையான, சும்மா இருக்க முடியாத அம்மையார். சாப்பாட்டு அறைக்குள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பின்படிக்கட்டு ஓரத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்றைப் பார்த்தாராம்; அவர் வீட்டில் எத்தனை வைத்தாலும் பட்டுப்போகிறதாம்; எப்படிப் பிடுங்குவது, எந்த மண் என்று நான் காட்டித்தான் ஆக வேண்டுமாம். நான் மேசையைப் பார்த்தேன், நடையைப் பார்த்தேன். விருந்தினரின் பிடி இறுக்கமாக இருந்தது. துணி என் கையிலேயே இருக்க, நான் பின்படியில் இறங்கிப் போனேன்.

அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் சம்பல் இடிக்கத் தொடங்கினாள் என் சீனத் தோழி. வழக்கமாக மேசைமேல் வைத்துத்தான் இடிப்பாள். அன்று மேசை முழுவதும் தட்டுகள். கல்லுரலைத் தரையில் இறக்கி, முழங்காலை மடித்து உட்கார்ந்து, மிளகாயையும் பிளாச்சான் என்ற இறால் விழுதையும் போட்டு ஓங்கி இடித்தாள். பங்களாவின் தரை முழுவதும் பலகை. சமையலறையில் விழுந்த இடி உத்தரம் வழியே ஓடி, நடைக்குப் போய், என் கணவரின் பாதங்களில் ஏறியது.

பிறகு அவர் சொல்லித் தெரிந்துகொண்டது இது. அவர் மேசைப் பக்கம் பார்த்தார், நான் இல்லை. தரை அதிர்ந்தது உண்மை. தட்டு வந்துவிட்டது, சொல்ல ஆள்தான் இல்லை என்று தீர்மானித்தார். எழுந்தார். வாளின் கைப்பிடியால், கம்பீரமாக, குறைவின்றித் தட்டினார்.

உள்ளே ஏதோ முக்கியமான சடங்கு நடந்துகொண்டிருந்ததாம். எது என்று சொல்ல மறுத்துவிட்டார்கள். எல்லோரும் உறைந்துபோனார்களாம். அதற்குள் என் தோழி பூண்டைப் போட்டு மறுபடியும் இடித்தாள். என் கணவர் மறுபடியும் பதில் சொன்னார். அவள் எலுமிச்சை பிழிய நிறுத்தினாள், அவரும் நிறுத்தினார். அவள் தொடர்ந்தாள், அவரும் தொடர்ந்தார். வெளியே ஒருவர் இப்படித் தட்டினால் யாரோ உள்ளே வர வேண்டுகிறார், அல்லது ஆபத்து என்று பொருள். கதவைத் திறந்து பார்க்கும்படி தலைவர் ஆணையிட்டாக வேண்டும்.

கன்றைக் கையில் பிடித்தபடி நான் படியேறி நடைக்கு ஓடி வந்தபோது, வாளின் ஓசை கேட்டுக் குழம்பிய என் தோழியும் கல் உலக்கையோடு அங்கே வந்து நின்றாள். என் கணவர் உலக்கையைப் பார்த்தார். அதன் நுனியில் சிவப்பாகச் சம்பல். பிறகு என் கையில் தொங்கிய வெள்ளைத் துணியைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மாறியதை நான் பார்த்தேன்.

கதவு திறந்தது. என் தோழியின் கணவர் வெள்ளைக் கையுறையோடு தலையை நீட்டினார். வாளோடு என் கணவர், உலக்கையோடு தம் சொந்த மனைவி, மண் உதிரும் செடியோடு நான். அவர் கண்கள் எங்கள் மூவரையும் ஒருமுறை சுற்றி வந்தன. மீசை துடித்தது. கதவை மூடிக்கொண்டார். உள்ளே அவர் என்ன அறிவித்தார் என்பது கேட்கவில்லை. ஆனால் அதன்பின் எழுந்த சிரிப்பு எனக்குக் கேட்டது. என் கணவருக்குக் கேட்கவில்லை. கேளாமை அவருக்குச் செய்த ஒரே உபகாரம் அது என்று அப்போது எண்ணினேன்.

சிரிப்பு அடங்கியதும் முறையான தட்டு வந்தது. நான் கதவுக்கு அவ்வளவு அருகில் நின்று அதுவரை கேட்டதில்லை. விரல் முட்டியால் தட்டும் ஓசை அல்ல அது. கதவின் அடிப்புறத்தை யாரோ காலால் உதைக்கிறார்கள். நாற்காலியின் முதுகு கதவு நிலையோடு ஒட்டியிருந்ததால் நாற்காலியே குலுங்கியது. என் கணவர், நான் துணியை உயர்த்துமுன்பே, நிமிர்ந்து நின்று பதில் சொன்னார்.

நான் கீழே குனிந்து பார்த்தேன். கதவின் அடியில் பித்தளைத் தகடு ஒன்று அடிக்கப்பட்டிருந்தது. வெகுநாளாக அங்கே இருந்ததுதான். அழகுக்கு என்று நினைத்திருந்தேன். நடையில் விரித்திருந்த பழைய கம்பளம் ஒன்று ஒருநாள் காணாமல் போனதும், அவருடைய நாற்காலி மாதந்தோறும் யார் சொல்லியோ கதவோடு நெருங்கிக்கொண்டே வந்ததும் அப்போது நினைவுக்கு வந்தன.

"தகடு எங்க கடையிலதான்," என்றாள் என் தோழி. "மரம் ஒடைஞ்சிரும்னு அவரு அடிச்சாரு. எல்லாருக்கும் தெரியும் டீச்சர்."

"என்ன தெரியும்?"

"அண்ணனுக்குக் காது. ஒங்க துணி. எல்லாம்தான் லா. நீங்க ரெண்டு பேரும் ரகசியம்னு நெனச்சிட்டு இருந்தீங்க, சரி இருக்கட்டும்னு விட்டுட்டாங்க."

ரகசியத்துக்கு என்றே பெயர்போன ஒரு சங்கத்தில் எங்கள் ரகசியம்தான் இத்தனை நாளும் காப்பாற்றப்பட்டு வந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் என் கணவர் நாற்காலியில் உட்காரவில்லை. வாளை உறையில் இட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்து கதவு திறந்தபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அவர் முதல் ஆளாக வெளிவந்த டாக்டரிடம் வாளை இரு கைகளாலும் நீட்டினார். டாக்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். முதலில் சாப்பிடுவோம் அண்ணே என்று மட்டும் சொன்னார். வாளை எங்கே வைப்பது என்று தெரியாமல், என் கணவர் அதை விருந்து மேசைக்குக் கொண்டுவந்து தம் நாற்காலியில் சாய்த்து வைத்தார்.

விருந்தில் சம்பல் முதலில் தீர்ந்தது. யாரும் வேண்டுமென்று அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் கிண்ணம் கைமாறும்போதெல்லாம் யாரோ ஒருவர் இருமினார். என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பெரியவர் பேச எழுந்தார். லாட்ஜின் ஒழுங்கைப் பாராட்டினார், கணக்குகளைப் பாராட்டினார். பிறகு, இன்று நடந்த ஒன்றை அறிக்கையில் எழுதுவதா வேண்டாமா என்று யோசிப்பதாக ஆங்கிலத்தில் சொன்னார்.

"என்ன சொல்றாரு?" என்று என் கணவர் என்னைக் கேட்டார். காது கேளாதவரின் மெல்லிய குரல் எப்போதும் அறை முழுவதும் கேட்கும்.

பெரியவர் திரும்பினார். ரயில்வே குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்தவராம். அது எங்களில் யாருக்கும் தெரியாது. மேசையைச் சுற்றி வந்து, என் கணவரின் முகத்துக்கு நேரே நின்று, உதடுகள் தெரியும்படி தாடியை ஒதுக்கிக்கொண்டு, நல்ல ரயிலடித் தமிழில் பேசினார்.

"ரயில்வேல மணியும் வெப்போம், வெளக்கும் வெப்போம். காத மட்டும் நம்பி எந்த ரயிலயும் விட்டதில்ல. இங்க ஏன் வெளக்கு இல்ல?"

என் கணவர் பிசைவதை நிறுத்தினார். "வழக்கத்துல இல்லீங்களே."

"தட்டுனா பதில் வரணும். அதான் வழக்கம். நீங்க கூப்புடாததுக்கும் பதில் சொல்லிருக்கீங்க. அதுல என்னய்யா கொற?"

அதற்குமேல் இருமல் யாருக்கும் உதவவில்லை. வழக்கறிஞர்தான் முதலில் வெடித்தார். மேசை முழுவதும் சிரித்தது. என் கணவர் அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொருவருக்கும் அவர் நாடா முடிந்தவர். கடைசியில், தாம் பார்த்தது கேலி அல்ல என்று எப்படியோ முடிவுக்கு வந்தார் போலும். அவர் தோள்கள் தளர்ந்தன. சட்டைப்பையில் இருந்த கருவி அந்த நேரத்தில் விசிலடித்தது. அவர் அதை எடுத்து, துடைத்து, எல்லோர் முன்னிலையிலும் காதில் மாட்டிக்கொண்டார்.

விருந்தின் கடைசி வாழ்த்தைச் சொல்வது வாயிற்காவலரின் உரிமை. நிலத்திலும் நீரிலும் எங்கேயோ துன்பப்படும் சகோதரர்களுக்கு நலமும், விரும்பினால் வீடு திரும்பலும் வேண்டும் வாழ்த்து அது. அதற்குக் கோப்பையோடு அவர் எழுந்தபோது, டாக்டர் நாற்காலியில் சாய்ந்திருந்த வாளை எடுத்து அவர் கையருகே வைத்தார். அவர் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அடுத்த மாதம் ஹார்ட்வேர் கடைக்காரர் ஏணியோடு வந்தார். கதவு நிலைக்கு மேலே சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று. உள்ளே ஒரு சுவிட்ச். தட்டும்போது விளக்கும் எரியும். காலால் உதைப்பதை அவர் இன்னும் விடவில்லை. பழகிவிட்டதாம், முழங்காலுக்கு நல்ல பயிற்சியாம். கறிவேப்பிலைக் கன்று பெரியவரின் வீட்டில் பிடித்துக்கொண்டதாகப் படம் வந்தது.

இப்போது சம்பல் இடிக்குமுன் என் தோழி உலக்கையோடு நடைக்கு வருவாள். "அண்ணே, இடிக்கலாமா?" என்பாள். என் கணவர் வாளைச் சற்று உயர்த்தி அனுமதி கொடுப்பார். அவள் கல்லுரலை மடித்த சாக்கின் மேல் வைத்து இடிப்பாள்.

எனக்கு இனி அங்கே நிற்க வேண்டிய அவசியம் இல்லை. மேசைத்துணிகளை வீட்டிலேயே மடித்து எடுத்து வரலாம், நேரமும் மிச்சம். ஒருமுறை அப்படிச் செய்து பார்த்தேன். விளக்கு எரிந்தது. கதவு குலுங்கியது. அவர் எழுந்து, வாளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டு அறையைப் பார்த்து நின்றார். நான் அலமாரியைத் திறந்து, மடித்து வைத்திருந்த துணி ஒன்றை எடுத்து உதறி, உயர்த்திக் காட்டினேன். அதன் பிறகுதான் தட்டினார்.